ராமநாதபுரம் கடலோர வீட்டில் ஊசியிலை மரம்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

ஒரே தப்பை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நர்சரியில் அடுக்கடுக்காகக் கிளை விரித்து நிற்கும் செடி கண்ணில் படும். வாங்கி வண்டியில் ஏற்றி வந்து, அன்று சாயங்காலமே குழி தோண்டி வைத்துவிடுவார்கள். சித்திரையில் கீழ்க்கிளை காயும், ஆடியில் நுனி காயும். "கடல் காத்து ஒத்துக்கல" என்று காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த செடி வாங்கப் போவார்கள்.

நானும் முதல் இரண்டு செடிகளை இப்படித்தான் கொன்றேன். மூன்றாவது பிழைத்தது. ஏழு வருஷம் ஆகிறது, பதினாலு அடி நிற்கிறது. பிறகு உச்சிப்புளி, மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் தெரிந்தவர்கள் வீடுகளில் நட்டதையும் கூட இருந்து பார்த்திருக்கிறேன். காற்றால் செத்த செடி குறைவு. பெரும்பாலும் வேரில்தான் கோளாறு: உப்புத் தண்ணீர், தேங்கிய தண்ணீர், அல்லது வேரைச் சென்று சேராத தண்ணீர். அதனால் இந்த வரிசையில் செடி வாங்குவது ஐந்தாவது வேலை.

1. எந்த மரம் என்று முடிவு செய்யுங்கள்

முதலில் சவுக்கை ஒதுக்கிவிடுவோம். "அண்ணே, சவுக்கும் ஊசியிலை மரம்தானே, அதையே வச்சுட்டுப் போலாமே" என்று கேட்காத ஆளில்லை. சவுக்கின் ஒரு 'ஊசி'யைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கணுக் கணுவாகக் கழன்று வரும். கழன்ற இடத்தில் பல் வரிசை போலச் சின்னச் செதில்கள் வட்டமாக இருக்கும். அந்தச் செதில்தான் இலை, நாம் ஊசி என்று நினைப்பது மெல்லிய பச்சைக் கிளை. சவுக்கு பூக்கும் தாவர வகை, உண்மையான ஊசியிலை மரங்கள் பூக்காத வகை. நல்ல மரம், ஆனால் இந்தக் கதையில் வராது.

கொடைக்கானல் போய்வரும்போது பைன் கன்று பிடுங்கி வருபவர்கள் அதை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. குளிர்ந்த மலையின் புளிப்பு மண்ணில் வளர்ந்தது நம் சுண்ணாம்பு மணலில் ஒரு கோடையைத் தாண்டாது. தூஜாவை வேலியோரம் வைக்கலாம், ஆனால் அது பெரிய மரமாகாது, உப்புக் காற்று நேராக அடிக்கும் பக்கம் கருகும்.

கடலோரத்துக்கு நம்பி வைக்கக்கூடிய பெரிய மரம் அரவுக்கேரியா. நர்சரியில் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று கேட்டால் இதைத்தான் காட்டுவார்கள். இதில் இரண்டு வகை நம் பக்கம் கிடைக்கும். ஒன்று நார்ஃபோக் தீவு மரம், இன்னொன்று நியூ கலிடோனியாவைச் சேர்ந்த குக் பைன். பெயரில் பைன் இருந்தாலும் இரண்டும் பைன் இல்லை. இரண்டுமே தீவுக் கடற்கரையில் பிறந்தவை என்பதால் இலை உப்புக் காற்றைத் தாங்கும். சின்ன வயதில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். நார்ஃபோக் என்று விற்கப்படுவதில் நிறைய, வளர்ந்த பிறகு பார்த்தால் குக் பைனாக இருக்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம், வளர்க்கும் முறை ஒன்றுதான்.

2. தண்ணீரைச் சோதியுங்கள், அதுவும் ஆவணியில்

இலை உப்பைத் தாங்குகிறது என்றால் வேரும் தாங்கும் என்று நினைத்துவிடுகிறோம். இலை மேல் படியும் உப்பு வேறு, வேர் குடிக்கும் உப்பு வேறு.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. போர் தண்ணீரை ஆவணியில் அளக்க வேண்டும். தை மாதம் அளந்தால் மழைத் தண்ணீர் கலந்து நல்ல எண்ணாகக் காட்டி ஏமாற்றும். ஆவணியில்தான் நிலத்தடி நீர் இறங்கி உப்பு உச்சத்தில் இருக்கும். செடி அந்தத் தண்ணீரையும் குடித்துத்தான் ஐப்பசி வரை வந்தாக வேண்டும்.

பாசன நீருக்குப் பொதுவாகச் சொல்லும் அளவுகோல் இது: லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை பிரச்சினை இல்லை, 450 முதல் 2000 வரை கவனமாக விடலாம், 2000-க்கு மேல் போனால் ஆபத்து. நம் கடலோரத்தில் 2000-க்கு மேல் காட்டும் போர் ஏராளம். அப்படி இருந்தால் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை, மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் போதும்.

கணக்கு எளிது. 1000 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் இறங்கும். ஒரு கன்றுக்கு வாரம் 40 லிட்டர் என்றால், மாசிக் கடைசி முதல் ஆடிக் கடைசி வரை 22 வாரத்துக்கு 880 லிட்டர். அதாவது ஐப்பசியில் ஒரு நல்ல மழையில் நிரம்பும் 1000 லிட்டர் தொட்டி, ஒரு கன்றைக் கோடை முழுக்கக் காப்பாற்றிவிடும். மூடியை இறுக்கி, வலை கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கொசு.

ஒன்று சொல்ல மறந்தால் சண்டைக்கு வருவார்கள்: ஆர்ஓ மிஷினிலிருந்து வெளியே போகும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். "வீணாப் போகுதே" என்று வாளியில் பிடித்து ஊற்றுபவர்கள்தான் அதிகம். மிஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. போர் தண்ணீரைவிட மோசம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இதற்கு நேர் எதிர், உப்பே இல்லாதது. அதைப் பிடித்து வையுங்கள்.

3. மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

நம் பக்கம் மண் இரண்டு விதம். மண்டபம், உச்சிப்புளி பக்கம் மணல். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி பக்கம் களிமண். இரண்டுக்கும் வேலை வேறு வேறு.

ஒன்றரை அடி ஆழக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, மறுநாள் பாருங்கள். வடிந்திருந்தால் சரி. அப்படியே நின்றால் குழியில் நடக்கூடாது, மேட்டில்தான் நட வேண்டும். இதை ஒரு முறை மார்கழியிலும் செய்யுங்கள். மழைக்குப் பிறகு நீர்மட்டம் ஏறியிருக்கும். மூன்று அடிக்குள் உப்புத் தண்ணீர் ஊறினால் அந்த இடம் குழிக்கு ஆகாது. ஆவணியில் நன்றாக இருந்த குழி மார்கழியில் கிணறாகிவிடும், அதில் நிற்கும் வேர் அழுகும்.

மேடு என்றால் ஆறு அடி அகலம், ஒன்றரை அடி உயரம். உவர் களிமண்ணாக இருந்தால் மேட்டை ஒரு வருஷம் முன்னாலேயே போட்டுவைத்து, ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையை அதன் மேல் பெய்ய விடுங்கள். மழை உப்பைக் கழுவிக் கீழே கொண்டுபோய்விடும். அவசரக்காரர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் ஐம்பது வருஷம் நிற்கப் போகிற மரத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்கலாம்.

ஜிப்சம் பற்றி ஒரு வார்த்தை. "உப்பு மண்ணா? ஜிப்சம் போடு" என்று எல்லோரும் சொல்வார்கள். மண்ணில் சோடியம் ஏறி, கார அமிலத் தன்மை 8.5-க்கு மேல் போய், தண்ணீர் இறங்காமல் களராக இறுகியிருந்தால் ஜிப்சம் வேலை செய்யும். வெறும் உப்பு மிகுந்த மண்ணுக்கு ஜிப்சத்தால் பயனில்லை, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவதுதான் வழி. எது என்று தெரிய மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடலோர உவர் நிலத்துக்கென்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. கேட்கத் தயங்க வேண்டாம்.

மணலுக்குக் கண்மாய் வண்டல் நல்லது. மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு வண்டல், நன்றாகக் கலக்க வேண்டும். அடியில் வண்டலை ஒரு அடுக்காகக் கொட்டி மேலே மணல் போடுபவர்கள் உண்டு. அந்த அடுக்கின் மேல் தண்ணீர் நின்றுகொள்ளும், வேர் கீழே இறங்காது.

4. இடம் குறியுங்கள்

வீட்டுச் சுவரிலிருந்து 25 அடி, காம்பவுண்டிலிருந்து 15 அடி, மேலே மின்கம்பி இல்லாத இடம். இந்த மரம் 60, 80 அடி போகக்கூடியது. கம்பியில் இடிக்கிறது என்று ஒரு நாள் நுனியை வெட்டிவிட்டால் அதன் அழகு அன்றோடு போயிற்று.

காலையும் மதியமும் வெயில் படட்டும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் என்கிற காற்று அடிக்கும் தென்மேற்குப் பக்கத்தில் நாலு பனையோ ஒரு பூவரசோ இருந்தால் முதல் இரண்டு வருஷத்துக்குப் பெரிய உதவி. செப்டிக் டேங்க், துணி துவைக்கும் கல், இவை இரண்டின் பக்கத்திலும் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் சோடியம்.

பிளாட் 3 சென்ட்தான் என்றால், உண்மையைச் சொல்கிறேன், இந்த மரம் உங்களுக்கு வேண்டாம். ஜூனிப்பர் என்ற சின்ன ஊசியிலைச் செடி ஒன்றைத் தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. இப்போது செடி வாங்குங்கள்

பெரிய செடி வாங்கினால் சீக்கிரம் மரமாகும் என்று ஆறு அடிச் செடிக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் உண்டு. ஒன்றரை, இரண்டு அடிச் செடி போதும். பெரிய செடியின் வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றித் திருகியிருக்கும். நட்ட பிறகும் அது விரியாது. புயல் காற்றில் சாயும் மரத்தைப் பிடுங்கிப் பார்த்தால், பை எந்த வடிவமோ அதே வடிவத்தில் வேர் இருக்கும்.

நர்சரியில் பார்க்க வேண்டியது மூன்று. நடுத்தண்டு ஒன்றாக, நேராக, நுனி உடையாமல் இருக்க வேண்டும். பக்கக் கிளைகள் தண்டைச் சுற்றி வட்டமாக, அடுக்காக வர வேண்டும். ஒரு பைக்குள் ஒரே செடி இருக்க வேண்டும். அடர்த்தியாகத் தெரியட்டும் என்று மூன்று, நாலு கன்றுகளை ஒரே பையில் வைத்து விற்பது வழக்கம். பிரித்தால் வேர் அறும், பிரிக்காவிட்டால் ஒன்றையொன்று நெருக்கும்.

பக்கக் கிளையை ஒடித்து நட்டு உருவாக்கிய செடியைத் தவிர்த்துவிடுங்கள். அரவுக்கேரியாவின் பக்கக் கிளை வேர் விட்டாலும் பக்கவாட்டில்தான் போகும், எத்தனை வருஷமானாலும் நேராக எழாது. கீழக்கரையில் ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. குச்சி வைத்து, கயிறு கட்டி, என்னவெல்லாமோ செய்து பார்த்தார். அது தரையோடு சாய்ந்து விசிறி மாதிரி கிடக்கிறது. "படுத்துக்கிட்டே வளருது தம்பி" என்பார்.

6. மூன்று வாரம் பழக்குங்கள்

நர்சரியில் பச்சை வலைக்கு அடியில், இதமான ஊரின் காற்றில் வளர்ந்த செடி அது. நேராக நம் வெயிலில் வைத்தால் ஒரே வாரத்தில் இலை வெளுத்துக் கருகும்.

முதல் வாரம் வேப்பமர நிழல். இரண்டாவது வாரம் காலை வெயில் மட்டும். மூன்றாவது வாரம் மதியம் வரை. அப்புறம் நடலாம். ஆவணிக் கடைசியில் வாங்கினால் புரட்டாசிக் கடைசியில் நடவுக்குத் தயாராகிவிடும்.

7. நடவு: புரட்டாசிக் கடைசி, ஐப்பசித் தொடக்கம்

ஏன் அப்போது? நம் மாவட்டத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரைதான். அந்த மழை உப்பைக் கழுவும், வேரும் ஊன்றும், பங்குனி வெயிலுக்கு முன் ஐந்து மாதம் கையில் இருக்கும். தை, மாசியில் நட்டால் வேர் பிடிக்கும் முன் வெயில் பிடித்துவிடும்.

நடுவதற்கு முந்தைய சாயங்காலம் பையோடு செடியை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள். குமிழி வருவது நிற்கும் வரை இருக்கட்டும். இதை யாரும் செய்வதில்லை, நான் பார்த்ததில் பாதிச் சாவு இதனால்தான். காரணம் சொல்கிறேன். நர்சரிப் பையில் இருப்பது செம்மண். காய்ந்தால் செங்கல். அதை மணலுக்கு நடுவில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் செங்கலைச் சுற்றி மணல் வழியே ஓடிவிடும். மேலே ஈரம் தெரியும், உள்ளே வேர் தாகத்தில் கிடக்கும். உச்சிப்புளியில் ஒரு வீட்டில் தினமும் இரண்டு குடம் ஊற்றியும் செடி காய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர்ப்பந்தின் நடுவில் தூசி பறந்தது.

குழி, வேர்ப்பந்தைவிட மூன்று மடங்கு அகலம், அதே ஆழம். பையைக் கத்தியால் கிழித்து எடுங்கள், செடியைப் பிடித்து இழுக்காதீர்கள். அடியில் வட்டமாகச் சுற்றிய வேர் இருந்தால் அதை மட்டும் வெட்டிவிடுங்கள். பந்தை உடைக்க வேண்டாம், இந்த மரத்துக்கு வேரைக் கலைத்தால் பிடிக்காது. தண்டு மண்ணைத் தொடும் இடம் பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் இருக்கட்டும். ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும்.

நட்டதும் 20 லிட்டர், மெதுவாக, பந்தின் மேலேயே படும்படி.

8. மறைப்பும் முட்டும்

ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து வாடையும், பிறகு வைகாசியில் கச்சானும் வரும். கன்றிலிருந்து மூன்று அடி தள்ளி, காற்று வரும் பக்கம் பனையோலைத் தட்டி கட்டுங்கள். அடைத்துக் கட்டாமல் ஓலைக்கு ஓலை இடைவெளி விடுங்கள். தகரம் வைத்தால் காற்று அதைத் தாண்டி விழுந்து சுழன்று அடிக்கும், ஓலை காற்றைச் சலித்து அனுப்பும்.

முட்டுக் கொடுக்க மூன்று குச்சி, பழைய சைக்கிள் டியூப். தேங்காய்க் கயிறு தண்டை அறுக்கும். தண்டு கொஞ்சம் ஆடும்படி தளர்வாகக் கட்டி, அடுத்த ஐப்பசியில் அவிழ்த்துவிடுங்கள். ஆடினால்தான் தண்டு தடிக்கும், வேரும் பிடிக்கும்.

குக் பைனாக இருந்தால் பிற்காலத்தில் கொஞ்சம் தெற்கே சாயலாம். பூமத்திய ரேகையை நோக்கிச் சாய்வது அந்த மரத்தின் குணம். கயிறு கட்டி நிமிர்த்தப் போராட வேண்டாம்.

ஆட்டுக்கு வேலி போடாமல் இருந்தால் மேலே சொன்ன எதற்கும் அர்த்தமில்லை. ஒரே கடியில் நுனி போய்விடும்.

9. தண்ணீர்: முதல் இரண்டு கோடை

நட்ட மாதம் மழை இல்லாத நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் 10 லிட்டர். பிறகு வாரம் இரண்டு முறை 20 லிட்டர். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது மோசமான பழக்கம். தண்ணீர் மேலேயே காய்ந்து, உப்பு மட்டும் அங்கே தங்கும். மொத்தமாக ஊற்றினால் உப்பு வேரைத் தாண்டிக் கீழே போகும்.

ஈரம் பார்க்க ஒரு தென்னை ஈர்க்குப் போதும். வேர்ப்பந்தில் செருகி எடுங்கள். மண் ஒட்டி வந்தால் இன்று தண்ணீர் வேண்டாம். உள்ளே போகவே மறுத்து வளைந்தால் பந்து காய்ந்துவிட்டது. அப்போது ஒரு பானையின் அடியில் சின்ன ஓட்டை போட்டு, பந்தின் மேல் வைத்து, சொட்டுச் சொட்டாக இறங்க விடுங்கள்.

இன்னொன்று புதியவர்களுக்குப் புரியாதது. நீண்ட வெயிலுக்குப் பிறகு ஒரு தூறல் போட்டால் "மழை பெஞ்சுருச்சு" என்று தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அந்தத் தூறல் மேல்மண்ணில் படிந்திருந்த உப்பைக் கரைத்து வேர் மட்டம் வரை கொண்டுபோய் அங்கேயே விட்டுவிடும். தூறல் அன்று கூடுதலாக 20 லிட்டர் விட்டுத் தள்ளிவிட வேண்டும். மழையில் குடத்தோடு நிற்கும் என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் சிரித்ததுண்டு.

கச்சான் ஓய்ந்ததும் நல்ல தண்ணீரை இலை மேல் தெளித்துக் கழுவலாம். உப்பான போர் தண்ணீரை இலையில் தெளிக்காதீர்கள்.

10. மூடாக்கும் உரமும்

காய்ந்த இலை, நறுக்கிய பனையோலை, தேங்காய் மட்டை, மூன்று அங்குலம். தண்டிலிருந்து அரை அடி தள்ளி. தென்னை நார்க்கழிவு போடுவதென்றால் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள், அதில் உப்பு இருக்கும். கரையில் ஒதுங்கும் கடல்பாசியும் அப்படித்தான்: ஒரு மழைக்காலம் திறந்த வெளியில் கிடந்து கழுவப்பட்ட பிறகு போடலாம். கரையான் வந்தால் மூடாக்கை விலக்கிவிட்டு வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ தூவுங்கள்.

மக்கிய ஆட்டுப் புழுக்கை வருஷத்துக்கு ஒரு கூடை, புரட்டாசியில். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். பொட்டாஷ் என்று கடையில் கொடுக்கும் உரத்தில் குளோரைடு இருக்கிறது, ஏற்கெனவே நம்மிடம் அது ஏராளம்.

11. இலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

புதுத் தளிர் மஞ்சளாகி, பழைய இலை பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண் இரும்பை விடாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்துச் சாயங்காலம் தெளியுங்கள், 15 நாளில் இன்னொரு முறை.

பழைய இலையின் நுனி பழுப்பாகி உள்நோக்கி வந்தால் உப்பு அல்லது வறட்சி. ஈர்க்கைச் செருகி எதுவென்று பாருங்கள்.

காற்றுப் பக்கம் மட்டும் கருகி, மறுபக்கம் நன்றாக இருந்தால் அது உப்புக் காற்று. பதற வேண்டாம், ஐப்பசியில் தெளியும்.

வெள்ளையாக மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய், கதர் சோப்புக் கரைசல் அடிப்பார்கள். அடிக்கலாம், ஆனால் கச்சான் காலத்தில் கூடாது. சோப்பு இலையின் மெழுகுப் பூச்சைக் கெடுத்து உப்பை உள்ளே விட்டுவிடும். சிட்னி கடற்கரையில் சோப்புப் பொருள் கலந்த கழிவு கடலில் சேர்ந்து, அந்தச் சாரல் பட்டு நார்ஃபோக் மரங்கள் வரிசையாக வாடியது இதனால்தான். காற்று குறைந்த நாளில் அடித்து, மறுநாள் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

12. கத்தியை உள்ளே வையுங்கள்

கீழ்க்கிளை தரையைத் தொடுகிறது, பெருக்க முடியவில்லை என்று வெட்டுவார்கள். வெட்டிய இடத்தில் மறுபடி பழையபடி கிளை வராது. கீழே மொட்டையாக, மேலே குடை மாதிரி நிற்கும். முழுக்கக் காய்ந்த கிளையை மட்டும் எடுங்கள்.

நுனி எப்படியோ உடைந்துவிட்டால் இரண்டு, மூன்று மாதத்தில் உடைந்த இடத்துக்குக் கீழே தண்டிலிருந்து சில துளிர்கள் நேராக எழும். அதில் தடித்த ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். நாலையும் விட்டால் நாலு நுனி, முதல் பெரிய புயலில் பிளக்கும்.

டிசம்பரில் சீரியல் லைட் கட்டத்தான் செய்வீர்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள். கட்டுங்கள். ஆனால் நுனியில் நட்சத்திரம் மாட்டாதீர்கள். என் மரத்தில் ஐந்தாம் வருஷம் மாட்டினோம், வாடைக்காற்றில் அட்டை நட்சத்திரம் இரவெல்லாம் ஆடி, காலையில் பார்த்தால் ஒரு சாண் நுனியோடு தரையில் கிடந்தது. இப்போது பக்கத்தில் ஒரு மூங்கில் நட்டு, நட்சத்திரத்தை அதில் கட்டுகிறோம்.